ஜூஸ் கடைக் குப்பையில் கிடைத்த மஞ்சள்

திருப்பூரில் பிறந்தவர்களுக்குச் சாயத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். ஊருக்குள் எந்தக் கலர் ஆர்டர் போகிறது என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருடம் டையிங் மாஸ்டர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சுத்திகரிப்பு நிலையமெல்லாம் சரிசெய்து பட்டறைகள் திரும்பத் திறந்த பிறகும் அவர் போகவில்லை. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்தில் கெட்டுப்போன தென்னந்தோப்புகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் நான் சாயம் காய்ச்ச ஆரம்பித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் குழந்தைகளுக்கு ஜப்லா, கவுன் தைத்து விற்கிறவள். வெளியூரிலிருந்து வாங்கும் ஒரு அக்கா, "கெமிக்கல் இல்லாத கலர்ல கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

முதலில் கையில் எடுத்தது நாவல்பழம். கலரைப் பார்த்துத்தான். தின்றால் நாக்கெல்லாம் ஊதாவாகிறதே, துணி ஆகாதா? சந்தையில் அழுகல் என்று ஒதுக்கி வைத்த நாலு கிலோவைச் சும்மா வாங்கி வந்து, பிசைந்து காய்ச்சி, வெள்ளைத் துணியைப் போட்டேன். என்ன ஒரு ஊதா! அந்த அக்காவுக்குப் படம் எடுத்தும் அனுப்பிவிட்டேன். மறுநாள் சோப்புப் போட்டு அலசியதும் துணி பச்சையும் நீலமும் சாம்பலுமாக, நாள்பட்ட காயம் மாதிரி ஆகிவிட்டது.

அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரத்தித் தண்ணிக்கு என்ன பண்ணுவே?" என்றார். மஞ்சளில் சுண்ணாம்பு கலப்போம், சிவக்கும். "அதேதான் இங்கேயும். சுண்ணாம்பு பட்டா மஞ்சள் மாறுது, சோப்பு பட்டா நாவல் மாறுது. பழத்துச் சாற்றுக் கலரெல்லாம் இப்படித்தான் கண்ணு, காரம் பட்டா ஒண்ணு, புளிப்பு பட்டா ஒண்ணு. இதை வெச்சு யாவாரம் பண்ண முடியாது." மீதித் துணியை மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டேன். நாலே நாளில் அந்தச் சாம்பலும் வெளுத்துப் போனது.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து சொன்ன ஒரு வார்த்தைதான் வழிகாட்டியது. "நாவல்பழக் கறையெல்லாம் ஒரு கறையா? உங்கப்பன் வேட்டியில இளநீர்க் கறை இருக்குது பாரு, கல்யாணமான புதுசுல பட்டது."

இளநீர், வாழை, மாதுளைத் தோல், முந்திரி. சின்ன வயதில் எந்தெந்தக் கறைக்கு அம்மாவிடம் அடி வாங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். படும்போது அவற்றில் பலவற்றுக்குக் கலரே இருக்காது. வாழைப்பால் தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ந்த பிறகுதான் பழுப்பு தெரியும், அப்புறம் எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. நாக்கில் வைத்தால் துவர்க்கும். கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் இருக்கும் அதே துவர்ப்பு. ஆங்கிலத்தில் டானின் என்பார்கள். அதுதான் பருத்தி நூலைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணைப் பறிக்கும் சாற்றை விட்டுவிட்டு, துவர்க்கும் தோலுக்கும் கொட்டைக்கும் போனேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு ஜூஸ் கடை. அங்கே மாதுளைத் தோல் தினமும் ஒரு கூடை சேரும். கேட்டதும் கடைக்கார அண்ணன், "ஏனுங் அம்மிணி, மாடு வெச்சிருக்கீங்களா?" என்றார். சாயத்துக்கு என்றேன். சிரித்துவிட்டு, ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். அதில் மாதுளைத் தோலோடு எலுமிச்சை மூடி, அன்னாசித் தோல், பால் கவர், ஸ்ட்ரா எல்லாம் இருந்தன. அலுப்பாக இருந்ததால் நாளைக்குப் பிரிக்கலாம் என்று சாக்கை மூலையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது பூஞ்சை, புழு, கொசு மாதிரிப் பழ ஈக்கள். அம்மா சாக்கோடு என்னையும் வெளியே தள்ளப் பார்த்தார்.

மறுநாள் மூடி போட்ட பக்கெட் ஒன்றை நானே வாங்கிக் கடையில் வைத்தேன். மாதுளைத் தோல் மட்டும் இதில், மற்றது எதுவும் வேண்டாம் என்று. சாயங்காலம் போய் எடுத்து வந்து அன்றைக்கே அலசி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, மொட்டை மாடியில் பழைய சேலை விரித்துக் காயப்போடுவேன். நல்ல வெயிலில் நாலைந்து நாள். வடகம் மாதிரி ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. நாலு கிலோ ஈரத் தோல் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். காய்ந்ததைக் காற்றுப் புகாத டின்னில் போட்டால் வருடக்கணக்கில் கெடாது. மழைக்காலத்தில் காய வைக்கவே முயலாதீர்கள். ஈரத் தோலை அப்படியே காய்ச்சிவிடுவது மேல்.

தோல் சிவப்பாக இருக்கிறதே, சிவப்புச் சாயம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வராது. மகாராஷ்டிரத்திலிருந்து வரும் பக்வா ரகத்தின் இரத்தச் சிவப்புத் தோலைக் காய்ச்சினாலும் மஞ்சள்தான், வெளிறிய தோலைக் காய்ச்சினாலும் மஞ்சள்தான். மேல் சிவப்பு நாவல்பழக் கலருக்கு உறவுக்காரன், நிற்காது. வேலை செய்வது உள்ளே இருக்கும் துவர்ப்பு.

தோல் தயாரானதும் நேராக அண்டாவில் போட்டுத் துணியை முக்கினேன். மஞ்சள் வந்தது. ஆனால் புலித்தோல் மாதிரி, திட்டுத் திட்டாக. இந்த முறை அப்பாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வந்து, மடிப்புக் கலையாத காடாத் துணி ஒன்றை எடுத்து விரித்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது. "தண்ணியே உள்ள போகல, சாயம் எப்படிப் போகும்?"

பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. தறியில் ஏற்றும்போது பாவு நூலுக்குக் கஞ்சி வேறு போடுவார்கள். இரண்டையும் எடுக்காமல் சாயம் ஏறாது. ஒரு கிலோ துணிக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீர், முப்பது கிராம் சலவை சோடா, கொஞ்சம் சோப்பு. ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்த துணியிலிருந்து டீ டிகாஷன் மாதிரித் தண்ணீர் இறங்கியதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அலசிக் காய வைத்து மறுபடி சொட்டு விட்டோம். விட்ட இடத்திலேயே மறைந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் அந்தச் சொட்டுச் சோதனை இல்லாமல் நான் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. முழு வேலையில் முக்கால்வாசித் தோல்வி இந்த இடத்தில்தான் நடக்கிறது. யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை; கலர் எதுவும் தெரிவதில்லையே, படம் எடுக்க என்ன இருக்கிறது?

அடுத்தது, சாயம் துணியைப் பிடித்து நிற்பதற்குக் கடுக்காயும் படிகாரமும். இரண்டுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். துணியில் கையால் படம் எழுதும் கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். மை பரவாமல் நிற்க அவர்களுக்குப் பால் வேண்டும். முழுத் துணியையும் முக்கி எடுக்கும் எனக்குப் பால் தேவையில்லை. கிலோ துணிக்கு இருநூறு கிராம் கடுக்காய்ப் பொடி, வெந்நீரில் கரைத்து வடிகட்டி, இரவு முழுக்க ஊறவிட்டு, அலசாமல் பிழிந்து நிழலில் காய வைப்பேன். பிறகு அதே அளவு படிகாரம். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியைப் போட்டு, ஆறும்வரை விட்டு எடுத்து உலர்த்துவேன். இரண்டு நாள் சும்மா கிடக்கட்டும். அப்புறம் நன்றாக அலச வேண்டும்.

இந்த அலசலைத்தான் நான் ஒருமுறை சோம்பலில் விட்டுவிட்டேன். துணியில் ஒட்டாமல் மேலாக இருந்த படிகாரம் அண்டாவுக்குள் கரைந்து, சாயத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டது. துணி மேல் மஞ்சள் நிறத்தில் பொடி. உதறினால் மகரந்தம் மாதிரி உதிர்ந்தது. ஒரு கிலோ தோல் வீண். கை வலிக்கிறது என்று ஒரு அலசலை மிச்சம் பிடித்ததன் விலை அது.

சாயம் காய்ச்சுவது இத்தனைக்கும் பிறகு எளிய வேலை. துணி எடைக்குச் சரி எடை காய்ந்த தோல். முந்தின இரவே ஊற வைத்து, காலையில் ஒரு மணி நேரம் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு துணுக்குத் தோல் தப்பித்துத் துணியில் ஒட்டினாலும் அங்கே கரும்புள்ளி விழும். துணியைச் சாயத்தில் போடுமுன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்திருக்க வேண்டும். காய்ந்த துணியைப் போட்டால் முதலில் பட்ட இடம் அதிகம் குடித்துவிடும். அதன்பின் ஒரு மணி நேரம், ஆவி பறக்கும் சூடு, ஆனால் கொதி வரக்கூடாது. "களி கிண்டற மாதிரி கிண்டிக்கிட்டே இரு" என்பது அப்பா வாக்கு. அடுப்பை அணைத்து அப்படியே இரவு விட்டுவிட்டால் இன்னும் ஆழமாக ஏறும். எவர்சில்வர் அண்டாதான் வேண்டும். அதுவும் சமையலுக்குத் திரும்பப் போகாத அண்டா. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் மஞ்சள் கருத்துப் போகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் காய்ச்சிய மஞ்சள் மங்கலாக, கொஞ்சம் அழுக்காக வந்தது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் பளிச்சென்று வந்தது. மழைத் தண்ணீரில் இன்னும் நன்றாக. இப்போது கழுவுவதற்குப் போர் தண்ணீர், காய்ச்சுவதற்குப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்.

கருப்பு விஷயத்துக்கு வருகிறேன். மாதுளை மஞ்சள் ஏறிய துணியை இரும்புச் சத்துள்ள தண்ணீரில் முக்கினால் கண் முன்னாலேயே பாசிப் பச்சையாகி, சாம்பலாகும். முதல் தடவை பார்த்தபோது கூச்சலே போட்டுவிட்டேன். அதற்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பு போதும். கிலோ துணிக்கு பதினைந்து கிராம், வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம். அதிகம் போட்டால் இன்னும் கருக்குமே என்று ஐம்பது கிராம் போட்டுப் பார்த்தேன். கருத்தது. ஆனால் சில மாதத்தில் துணி இற்று, தையல் ஓரத்தில் கிழிய ஆரம்பித்தது. இரும்பு நூலைத் தின்னும். அன்னபேதி வேண்டாம் என்றால் துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வையுங்கள். கலம்காரிக் கருப்பு அப்படி வருவதுதான். நாற்றம் தாங்கினால் சரி. இரும்புக்குப் புழங்கும் பக்கெட்டும் குச்சியும் தனியாக இருக்கட்டும். ஒரு சொட்டு தெறித்தாலும் அடுத்த மஞ்சள் லாட் கெட்டது.

அந்தச் சாம்பல் கவுன்களில் ஒன்றுதான் திரும்பி வந்தது. குழந்தை ரசம் கொட்டிக்கொண்டதாம். கொட்டிய இடமெல்லாம் வெளுத்து மஞ்சள் புள்ளி. புளியும் எலுமிச்சையும் இரும்பை அந்த இடத்திலிருந்து கிளப்பிவிடுகிறது. உள்ளே இருந்த மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. நம் வீட்டுக் குழந்தைகள் தினமும் ரசமும் புளிச்சாதமும் சாப்பிடுகிறவர்கள் என்பது தைக்கும்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சாம்பல் நிறத்தை இனி குழந்தைத் துணிக்குப் போடுவதில்லை. தோள்பை, மேசை விரிப்புக்கு மட்டும்.

வேறு சில அடிகளும் வாங்கினேன். தைத்து முடித்த கவுனுக்குச் சாயம் போட்டால் பாலியஸ்டர் நூல் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். பருத்தி நூலில் தைக்க வேண்டும், அல்லது துணிக்குச் சாயம் போட்ட பிறகு தைக்க வேண்டும். பனியன் துணி கொதியில் சுருங்கும்; வெட்டிய பிறகு சாயம் போட்டால் மூன்று வயதுக் கவுன் ஒன்றரை வயதுக்கு ஆகிவிடும். முப்பது பீஸ் ஆர்டர் ஒன்றை இரண்டு தடவையாகக் காய்ச்சினேன். இரண்டு மஞ்சளும் வேறு வேறு. வாங்கியவர் பாதியைத் திருப்பிவிட்டார். "ஒரே ஆர்டருக்குத் தோல் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டு அப்புறம் எடை போடு. பட்டறையில லாட் மாத்தினா ஷேடு மாறும்னு நாங்க பயந்து சாவோம், நீ குப்பையை வெச்சு யாவாரம் பண்றே, இன்னும் பயப்படணும்" என்றார் அப்பா.

இப்போது அவர்தான் எங்கள் சோதனைக்கூடம். ஒவ்வொரு சாயத்திலும் ஒரு ரிப்பன் அகலத் துண்டு எடுத்து, பாதியை அட்டைக்குள் மறைத்து, மேற்கு ஜன்னலில் தேதி எழுதி ஒட்டுவார். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்தால் இரு பாதிக்கும் வித்தியாசம் தெரியும். இன்னொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, சூடான சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போடுவார். வெள்ளையில் கலர் இறங்கினால் ஃபெயில். மஞ்சள் பொடிச் சாயம் மூன்று நாளில் ஜன்னலில் தோற்றது. மாதுளை ஒரு மாதம் கழித்தும் லேசாகத்தான் குறைந்தது. இளநீர் மட்டை நாரைக் காய்ச்சினால் வரும் இளம் பழுப்பும் நன்றாக நின்றது. ஆனால் மட்டையைச் சீவிச் சீவிக் கை வலித்ததால் இரண்டு தடவையோடு விட்டுவிட்டேன். ஆரஞ்சு, அன்னாசி, தர்பூசணித் தோல்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. உரக்குழிக்குத்தான் அவை.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அட்டையில் அச்சடிக்கச் சொன்னார் ஒருவர். அதை எழுதுமுன் அப்பாவோடு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ துணிக்கு வேகவைக்க, அலச, காய்ச்ச, திரும்ப அலச என்று நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகிறது. அடுப்புக்கு எரிபொருள் ஆகிறது. ஆகவே கடுக்காய்த் தண்ணீரையும் படிகாரத் தண்ணீரையும் ஒரு தடவையோடு கொட்டுவதில்லை. பாதி அளவு பொடி சேர்த்து அடுத்த துணிக்குப் பயன்படுத்துகிறேன். சாயத் தண்ணீரில் இரண்டாம் முறை இளமஞ்சள், மூன்றாம் முறை கிரீம் கலர் எடுத்துவிடலாம். சக்கை செடிக்கு. பச்சை வேண்டும் என்று சிலர் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடச் சொல்கிறார்கள், குரோமியம் உப்புப் போட்டால் கெட்டியாக நிற்கும் என்பார்கள். அந்த விஷத்தைப் போட்டுச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இயற்கைச் சாயம் என்று எழுத எனக்கு மனசு வராது. நொய்யல் பார்த்தவள் நான்.

பட்டறைகளுக்கு இது மாற்று என்றும் சொல்லமாட்டேன். ஒரு டன் துணிக்கு ஒரு டன் காய்ந்த தோல், அதாவது நாலு டன் ஈரத் தோல். எங்கள் தெரு அண்ணன் கடையிலிருந்து அது சேர எத்தனை வருடம் ஆகும் என்று அப்பா கணக்குப் போட ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே பேனாவை மூடிவிட்டார். என் அளவு மாதம் பதினைந்து கிலோ துணி. அதற்கு இந்தக் குப்பை தாராளம்.

துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு துணியோடும் வைக்கிறேன்: சோடா சேர்ந்த சலவைப் பவுடர் வேண்டாம், மஞ்சள் பழுப்பாகும், பூந்திக்கொட்டைத் தண்ணீர் அல்லது மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தவும். நாளாக ஆகக் கலர் கொஞ்சம் இறங்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதை எழுத ஆரம்பித்த பிறகு புகார் குறைந்துவிட்டது.

போன சீசனில் பட்டர் ஃப்ரூட் கொட்டையில் கை வைத்தேன். கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் பழம். சதையை ஜூஸுக்கு எடுத்துக்கொண்டு, எலுமிச்சை அளவுக் கொட்டையை எறிந்துவிடுவார்கள். வெட்டினால் வெள்ளை. பலகையில் அப்படியே விட்டுவிட்டு ஒரு காபி குடித்து வந்தால் ஆரஞ்சாக மாறியிருக்கும். கொட்டையையும் தோலையும் மெதுவான சூட்டில் காய்ச்சினால் இளஞ்சிவப்பு இறங்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பழுப்பாகிவிடும். ஒரு சிட்டிகை சலவை சோடா போட்டால் அந்த ரோஸ் இன்னும் அழுத்தமாகும். அப்பாவின் ஜன்னலில் அது மாதுளை அளவு நிற்கவில்லை, மெல்லப் பழுப்புக்குப் போகிறது. ஆனால் அந்த அக்காவுக்கு அனுப்பிய முதல் ரோஸ் கவுனுக்குப் பிறகு வேறு கலரே கேட்க மாட்டேன் என்கிறார்.

ஜூஸ் கடை அண்ணன் இப்போது மாதுளைத் தோலுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கேட்கிறார். "சும்மா கொடுத்துட்டு இருந்தேன், நீங்க கவுன் என்ன விலைக்கு விக்கிறீங்கன்னு எங்க வீட்டுல போன்ல காட்டினாங்க." நியாயம்தான், கொடுத்துவிட்டேன். பக்கெட்டைத் தூக்கும்போது, "இந்த பட்டர் ஃப்ரூட் கொட்டையை எதுக்குங்க பொறுக்கிட்டுப் போறீங்க?" என்றார்.

முளைக்கப் போடுவதற்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.